காசிமேட்டுக் காற்றில் டிஜே செட்டைக் காப்பாற்றுவது எப்படி

ஆடியில் கூழ் ஊற்றல் முடிந்த மறுநாள் காலை, கடை வாசலில் பழைய போர்வையை விரித்து எல்லாப் பொருளையும் பரப்பித் துடைப்போம். போன ஆடியில் இரண்டு பாக்ஸ் அடுத்தடுத்து நின்றன. ஒன்று 46,000 ரூபாய்க்கு வாங்கிய, ஆம்ப் உள்ளேயே இருக்கிற 15 இன்ச் ஆக்டிவ் பாக்ஸ். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொன்று, அப்பா தச்சரிடம் 18 எம்எம் பிளைவுட்டில் பெட்டி அடிக்கச் சொல்லி, ஸ்பீக்கரையும் ஹார்னையும் தனியாக வாங்கிப் பொருத்தியது. அதற்கு வயது பதினாறு. புதியதின் பின்பக்கம் ஜாக் வாயில் பச்சை பூத்திருந்தது. கிரில்லைப் பிடித்திருக்கும் திருகுகளில் பாதி துரு. பழையதில் ஒரு திருகு கூடக் கெடவில்லை.

வேறு காரணம் எதுவும் இல்லை. புதிய பாக்ஸ் எட்டு மாதமாகக் காசிமேட்டுத் தெருக்களில் ஓடிவிட்டு, ஒவ்வொரு ராத்திரியும் அந்த ஈரத்தோடே பிளாஸ்டிக் கவருக்குள் போயிருக்கிறது. பழையதை யாரும் அப்படி மூட அப்பா விடமாட்டார். துடைத்து, உலர விட்டு, பழைய வேட்டியைப் போர்த்திய பிறகுதான் அவர் சாப்பிடவே உட்காருவார்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இது இரண்டாம் தலைமுறைத் தொழில். அப்பா குழாய் ஸ்பீக்கர் கட்டிய மைக் செட்டுக்காரர். நான் கன்ட்ரோலர் (லேப்டாப்பில் ஓடும் பாட்டைக் கலந்து மாற்றுகிற பலகை), லேப்டாப், லைட் என்று டிஜே செய்கிறேன். பெண் பிள்ளை டிஜே என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு, அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. எப்படியானாலும் வாரம் இரண்டு தம்பிமார், தங்கைமார் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அக்கா, சீப்பா ஒரு செட்டு எடுக்கட்டுமா, இல்ல கடன் வாங்கி நல்ல பிராண்டு எடுக்கட்டுமா?" அவர்களுக்குப் போனில் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

விலையில் என்ன வருகிறது, என்ன வருவதில்லை

மலிவான பாக்ஸின் அட்டைப்பெட்டியில் 3000 வாட்ஸ், 5000 வாட்ஸ் என்று போட்டிருக்கும். அதைப் பார்க்காதீர்கள். ஆர்எம்எஸ் என்று எத்தனை வாட்ஸ் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தொடர்ந்து தாங்குவது அதுதான். பீக் என்று எழுதுவது வழக்கமாக அதைப் போல நாலு மடங்கு. ஆர்எம்எஸ் என்ற வார்த்தையே இல்லாத பாக்ஸை, வீட்டு மொட்டை மாடிப் பிறந்தநாளுக்குத் தவிர வேறு எதற்கும் நான் நம்ப மாட்டேன்.

கூடுதல் காசில் நிஜமாகவே கிடைக்கிற விஷயங்கள் உண்டு. ஸ்பீக்கருக்குள் போகிற பவரில் சில சதவீதம்தான் சத்தமாகிறது. மிச்சமெல்லாம் காயிலில், அதாவது ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருளில், சூடாகத்தான் தங்கும். விலை உயர்ந்த ஸ்பீக்கரில் காயில் பெரிதாக இருக்கும், சூடு வெளியேற வழி இருக்கும், பசையும் சூட்டைத் தாங்கும். ஆம்புக்குள் இருக்கிற கெப்பாசிட்டரின் உடம்பில் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். நல்ல கம்பெனிகள் பெரும்பாலும் 105 போடுவார்கள். அந்த வகைக் கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கிற கணக்கு. மே மாதம் தகரக் கொட்டகையின் கீழே செட் போடுகிற நமக்கு இந்த இருபது டிகிரி வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. அப்புறம் லிமிட்டர். ஓவராகப் போனால் தானாக அடக்கிக்கொள்ளும். மலிவானதில் அது பேருக்கு இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

ஆனால் உப்புக் காற்றுக்கு விலைச் சீட்டு தெரியாது. நியூட்ரல் கழன்ற போர்டுக்கும் தெரியாது. சொல்லப்போனால் சில விஷயங்களில் விலை உயர்ந்ததுதான் நமக்குக் கஷ்டம். இப்போது வருகிற ஆக்டிவ் பாக்ஸ்களில் ஆம்ப் முழுதும் ஒரே போர்டு. கிளாஸ் டி, ஸ்விட்சிங் பவர் சப்ளை, பொடிப் பொடியான பாகங்கள். எடை குறைவு, சத்தம் சுத்தம். கெட்டால் போர்டையே மாற்ற வேண்டும் என்பார்கள், அந்த போர்டு வர மூன்று வாரம் ஆகும் என்பார்கள். அப்பாவின் பழைய ஆம்பில் டிரான்ஸ்பார்மர் மட்டும் ஆட்டுக்கல் கனம் இருக்கும். தூக்க முதுகு வேண்டும். ஆனால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால் தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஒரு சாயங்காலத்தில் மாற்றித் தந்துவிடுவார்.

அதனால் எதை வாங்கினாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: வெள்ளிக்கிழமை ராத்திரி இது கெட்டால், ஞாயிற்றுக்கிழமை பங்ஷனுக்குள் சரியாகுமா? சனிக்கிழமை பகல் ஒன்றுதான் கையில் இருக்கும். ஞாயிறு, எலக்ட்ரானிக்ஸ் பாகம் விற்கிற ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அந்த ஒரு பகலில் பாகம் கிடைக்குமா, திறக்கத் தெரிந்த கை இருக்கிறதா? ஆமாம் என்றால், மலிவானதாக இருந்தாலும் எங்கள் கணக்கில் அது உழைக்கிற பொருள். இல்லை என்றால், எத்தனை லட்சம் கொடுத்திருந்தாலும் அதற்கு ஒரு மாற்று வைத்திருக்க வேண்டும்.

கையில் 60,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். மலிவான எல்இடி பார் லைட் போதும், ஒன்று அணைந்தாலும் பங்ஷன் நிற்காது. நின்று போகிற இடங்களில் காசைப் போடுங்கள்: கேபிள், ஜாக், பவர் போர்டு, ஒரு நல்ல மைக். பாக்ஸ் ஸ்டாண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். இருபது கிலோ பாக்ஸ் ஆளுயரத்தில் நிற்கிறது, கீழே குழந்தைகள் ஆடுகிறார்கள். லாக் பின் இல்லாத ஸ்டாண்டை எங்கள் கடைக்குள்ளேயே விடுவதில்லை.

மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஷூர் எஸ்எம்58 வந்தது 1966-இல். இன்றும் அதே மாடல் விற்கிறது. உள்ளே மின்சாரம் தேவைப்படாத டைனமிக் காப்ஸ்யூல், வெளியே தட்டினாலும் உடையாத உடம்பு. அதற்கு நகலும் சந்தையில் நிறைய இருக்கிறது. அதனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். மாதம் ஒருமுறை அதன் கம்பி வலைத் தலையைத் திருகிக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். எத்தனை பேர் வாய் வைத்துப் பேசிய பொருள் அது! கார்டுலெஸ் மைக்காக இருந்தால் பங்ஷன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள். மறந்துவிட்ட பேட்டரி உள்ளேயே கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

கரண்ட்

பொருளைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான். இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்.

வியாசர்பாடிப் பக்கம் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. தெருவோரத்தில் தற்காலிகமாக இழுத்த மூன்று பேஸ் (த்ரீ ஃபேஸ்) கரண்ட் போர்டு. ஒரு பேஸில் சீரியல் செட்டும் ஆர்ச் லைட்டும், இன்னொன்றில் சமையல் பக்கம், மூன்றாவதில் நாங்கள். ஏழரை மணிக்கு எங்கள் மேசை மேலிருந்த குண்டு பல்பு திடீரென்று வெள்ளையாகப் பளபளத்தது. அழகாக இருக்கிறதே என்று ஒரு நொடி பார்த்தேன். அந்த ஒரு நொடி போதும். ஆக்டிவ் பாக்ஸ் இரண்டும், லேப்டாப் சார்ஜரும், லைட் கன்ட்ரோலரும் அடுத்தடுத்து போயின. போர்டில் நியூட்ரல் திருகு இறுக்காமல் விடப்பட்டிருந்தது. அன்றைக்குப் பிழைத்தது அப்பாவின் பழைய ஆம்ப் ஒன்றுதான். அதில் பியூஸ் மட்டும் போயிருந்தது.

நடந்தது இதுதான். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவில் 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தால் அந்த 400-ஐ பேஸ்களில் இருக்கிற லோடுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். லோடு குறைவாக இருக்கிற பக்கத்தில் வோல்ட் ஏறும். அது பெரும்பாலும் டிஜே பக்கம்தான். சாதாரண ஸ்பைக் கார்டு இதற்கு உதவாது. கண நேரத் துடிப்பைத்தான் அது தடுக்கும், நிலையாக ஏறி நிற்கும் 350 வோல்ட்டில் அதுவே கருகிவிடும். வோல்டேஜ் ஏறினால் துண்டித்துவிடுகிற கட்-ஆஃப் ரிலே என்று கேட்டு வாங்கி, உங்கள் பவர் பாக்ஸிலேயே பொருத்திக்கொள்ளுங்கள். கூடவே கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. அது பொருளுக்காக இல்லை, மைக் பிடிக்கிற ஆளுக்காக.

போர்டில் பிளக் குத்துமுன் மல்டிமீட்டரை எடுங்கள். பேஸ்–நியூட்ரல் 220-லிருந்து 240-க்குள் இருக்க வேண்டும். பேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, காட்டுங்கள். "ஹம்மிங் வருது" என்று எர்த் பின்னை உடைத்துவிடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. கெஞ்சிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். ஹம்மிங் வந்தால் மிக்சர், லேப்டாப், பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள், பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் கேபிள் போடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் சிக்னல் கேபிளுக்கு நடுவில் வைக்கிற டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் போடுங்கள்; அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று மைக் பிடிக்கிற பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டராக இருந்தால் அது ஓடி நிதானத்துக்கு வந்த பிறகு செட்டைப் போடுங்கள். டீசல் ஊற்ற நிறுத்துவதற்கு முன்னாலேயே செட்டை அணைத்துவிடுங்கள். போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளைச் சுற்றிய பியூஸை நானே இரண்டு ஆம்பிலிருந்து எடுத்திருக்கிறேன். இரண்டிலும் டிரான்ஸ்பார்மர் போயிருந்தது.

பர்மா பஜார் பக்கம் வெளிநாட்டுப் பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் பின்னால் 115/230 ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து, 230-இல் வைத்த பிறகே பிளக்கைத் தொடுங்கள்.

சிவப்பு லைட்டும் ஒன்பதரை மணியும்

இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஒன்பதரைக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் மேசையைச் சுற்றி வந்து, "இன்னும் அரை மணி நேரம்தான், ஏத்துங்க டிஜே" என்பார்கள். என் அனுபவத்தில் காயில் கருகுவதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான்.

கொஞ்சம் ஏற்றினோம் என்று நாம் நினைக்கிற 3 டெசிபலுக்கு ஆம்ப் இரண்டு மடங்கு பவர் கொடுக்க வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு. ஆம்பிடம் அவ்வளவு இல்லாதபோது அது அலையின் தலையை வெட்டி அனுப்பும். கிளிப் லைட் சிவப்பாக எரிவது அதற்குத்தான். வெட்டுப்பட்ட அலையில் கீச்சுப் பக்கம் பவர் அதிகம், முதலில் ஹார்னின் டையாஃப்ரம் போகும். அப்புறம் தாழ்ந்த சத்தம் தருகிற பேஸ் ஸ்பீக்கரின் காயில். சூடான வார்னிஷ் வாசம் வந்தால் நேரம் தாண்டிவிட்டது.

கன்ட்ரோலரில் மீட்டர் பச்சையில் ஓட வேண்டும், எப்போதாவது மஞ்சள் தொடலாம். செட்டில் தனி பேஸ் பாக்ஸ் இருந்தால், டாப்புக்கு (மேலே நிற்கிற பாக்ஸுக்கு) 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். டாப்பின் கோன், அதாவது ஸ்பீக்கரில் ஆடுகிற கூம்பு, வீணாக ஆடாது. கூட்டம் பெரிதென்றால் இன்னொரு ஜோடி பாக்ஸ் வாடகைக்கு எடுங்கள். ஒரு காயிலை ரீவைண்ட் செய்கிற செலவை விட அது குறைவாக வரும். சத்தம் கேட்டு வருகிற நண்பர்களுக்கு நான் ஒன்று செய்வேன்: பேஸைத் துளி குறைத்து, அவர்கள் பக்கம் இருக்கிற பாக்ஸின் முகத்தை அவர்களை நோக்கித் திருப்புவேன். பத்தில் எட்டு முறை போதும் என்று போய்விடுவார்கள்.

ஜாக் விஷயம். ஆம்பிலிருந்து பாக்ஸுக்குப் போகிற வயரில் பி-38 ஜாக் (கிட்டாரில் குத்துகிற கால் இன்ச் ஜாக்) போடாதீர்கள். குத்தும்போது முனை உள்ளே உரசி ஒரு கணம் ஷார்ட் ஆகும், ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அதோடு போச்சு. ஸ்பீக்கான் போடுங்கள். திருகினால் பூட்டிக்கொள்ளும், யாராவது காலில் இடறினாலும் கழலாது. வயர் 2.5 சதுர எம்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும்.

உப்பு

எங்கள் பகுதியில் காற்றுக்கு நிறமே உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-இல் நிற்கும் வரை, ராயபுரத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கறுப்புப் பொடி படியும். அப்பாவின் ஆம்ப்களைத் திறந்தால் உள்ளே மை பூசியது போல இருக்கும். இப்போது எண்ணூர் பக்கம் போனால் சாம்பல், கடலோரம் எங்கும் உப்பு.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்திருக்கிற உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொண்டு கரைந்துவிடும். நம் ஊரில் பல ராத்திரிகளில் ஈரம் அதைத் தாண்டும். மழையே பெய்யாமல் உங்கள் ஜாக்கின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். வெறும் உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு இடம் மாறும், போகாது. அதனால் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி, அடுத்து உலர்ந்த துணி. கிரில், கைப்பிடி, திருகுத் தலைகள், ஸ்டாண்ட் குழாய், இவ்வளவுதான். ஒரு பாக்ஸுக்கு மூன்று நிமிடம். ஜாக் வாய்களுக்குத் தண்ணீர்த் துணி வேண்டாம். மெல்லிய பிரஷில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு உள்ளே ஒரு சுற்று. சாதாரண திருகுகளை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போட்டுக்கொள்ளுங்கள். இருநூறு ரூபாய்க்குள் ஒரு ஜோடி பாக்ஸுக்கு முடித்தோம்.

அப்புறம், பிளாஸ்டிக் ஷீட்டால் மூடாதீர்கள். மழையில் வண்டியில் போகும்போது தார்ப்பாய் சரி; குடோனுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் பொருள் வேர்க்கும். காற்றுப் போகிற பருத்தித் துணிதான் நல்லது, பழைய வேட்டி, பழைய புடவை. ஆம்பின் காற்று ஓட்டைகளுக்கு உள்பக்கமாகக் கொசு வலைக் கம்பி ஒட்டிவிடுங்கள். பல்லி உள்ளே போய்ப் பவர் போர்டின் மேல் செத்துக் கிடந்தால் பொருளுக்கும் அதே கதிதான். ஃபேனில் படிந்த தூசியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்ற விட்டால் அது கெட்டுவிடும்.

கன்ட்ரோலரின் ஃபேடர்

கன்ட்ரோலர் 25,000 ரூபாயானாலும் இரண்டு லட்சமானாலும் முதலில் சொறிகிற இடம் ஃபேடர். பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு கார்பன் பட்டை, அதன் மேல் சின்ன உலோக நாக்கு உரசி ஓடும். தூசி, மஞ்சள் பொடி, சாம்பிராணிப் புகை எல்லாம் அந்தப் பிளவு வழியாக உள்ளே இறங்கும். விலை உயர்ந்த சிலவற்றில் காந்தத்தால் வேலை செய்கிற கிராஸ்ஃபேடர் இருக்கும். அதில் உரசலே இல்லை. ஸ்கிராட்ச் செய்கிற ஆள் என்றால் அதற்குக் கொடுக்கிற காசு வீண் போகாது. நம்மைப் போலப் பாட்டிலிருந்து பாட்டுக்கு மெதுவாக மாறுகிறவர்களுக்குச் சாதாரண ஃபேடரே போதும். சுத்தம் செய்யத் தெரிந்தால் சரி.

போன தையில் என் கன்ட்ரோலரில் இடது சேனல் ஃபேடரைத் தொட்டாலே 'கரகர' என்றது. இப்படிச் செய்தேன். எல்லாக் கேபிளையும் கழற்றினேன். ஃபேடர் மூடிகளை நகம் கொடுத்து மேலே இழுத்து எடுத்தேன், அவற்றைத் தேநீர்த் தட்டில் வரிசையாக வைத்தேன். மேல் தட்டின் திருகுகளைக் கழற்றி, எந்தத் திருகு எந்த ஓட்டை என்று போனில் படம் பிடித்தேன். உள்ளே பிளவின் இரு ஓரத்திலும் மஞ்சள் நிறத்தில் மாவு போல ஒட்டியிருந்தது, மஞ்சளும் புகை மெஷின் படலமும் சேர்ந்த பிசின். காய்ந்த பெயின்ட் பிரஷால் வெளியே தட்டினேன். பிறகு ஃபேடருக்கென்று விற்கிற கான்டாக்ட் கிளீனரில் ஒரே ஒரு தெளிப்பு. மேலும் கீழும் இருபது முறை. அழுக்குத் தண்ணீர் பிளவில் மேலே வந்தது, காதுக்குப் பஞ்சு வைக்கிற குச்சியால் ஒற்றி எடுத்தேன். இன்னொரு தெளிப்பு, இன்னொரு இருபது. அரை நாள் காய விட்டு மூடினேன். கரகரப்பு இல்லை. செலவு எனக்கு முந்நூறு ரூபாய் டின்னில் கால் பங்கு.

துரு எடுக்கிற ஆயில் ஸ்பிரே வேண்டாம், தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வழுக்கும், அடுத்த மாதம் தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும்.

புகை மெஷினைக் கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மேடையின் அடுத்த மூலை, காற்று போகிற திசையில். யூஎஸ்பி கேபிளை மேசைக் காலில் ஒரு வெல்க்ரோவால் கட்டிவிடுங்கள். யாராவது இழுத்தால் மேசை இழுபடட்டும், போர்ட் பிடுங்கிக்கொண்டு வர வேண்டாம். பகல் பங்ஷன் என்றால் மேசைக்கு மேலே குடை. கறுப்பு நிறக் கன்ட்ரோலரும் லேப்டாப்பும் வெயிலில் அரை மணி நேரத்தில் தொட முடியாமல் கொதிக்கும்.

வண்டியும் வெள்ளமும்

முன்பு மீன்பாடி வண்டியில் ஏற்றிப் போனோம், இப்போது குட்டி யானை. எதுவானாலும் ஸ்பீக்கர் முகத்தோடு முகம் பார்க்கும்படி, நடுவில் மெத்தைத் துண்டு வைத்து நிறுத்துங்கள். படுக்கப் போட்டு அதன் மேல் ஸ்டாண்டை வீசாதீர்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் குழியில் இறங்கி ஏறினால் கனமான காந்தம் பிரேமையே வளைத்துவிடும். காயில் சாய்ந்து உரச ஆரம்பிக்கும். கன்ட்ரோலருக்கு 9 எம்எம் பிளைவுட்டில் அலுமினியம் ஓரம் கட்டி ஒரு கேஸ் செய்துகொள்ளுங்கள். ஈரமான ராத்திரி என்றால், வீட்டுக்கு வந்ததும் கேஸைத் திறந்து வையுங்கள், உள்ளே இருக்கிற பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

கேபிளை முழங்கையில் சுற்றுவது உள்ளே செம்பை முறுக்கும், ஆறு மாதத்தில் ஜாக் பக்கம் அறுந்துவிடும். ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்றில் கையைத் திருப்பி உள்பக்கமாக. கைக்குப் பழக ஒரு வாரம் ஆகும். எங்கள் கடையில் புதிதாக வரும் பையனுக்கு முதல் வேலையே இதுதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கடைக்குள் முழங்கால் வரை தண்ணீர். கீழே இருந்த எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பெட்டி இரண்டும் பிஸ்கட்டைப் பாலில் போட்ட மாதிரி ஊதிவிட்டன; ஓரம் பிரிந்து திருகு பிடிமானமே இல்லை. மலிவான பெட்டிகளில் எம்டிஎஃப்தான் அதிகம், வாங்கும்போது பின்பக்க ஸ்பீக்கர் ஓட்டையின் விளிம்பைப் பார்த்தால் தெரியும்: அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட், ஒரே மாவாக இருந்தால் எம்டிஎஃப். அப்பாவின் பிளைவுட் பெட்டி கறை படிந்ததோடு சரி. ஸ்பீக்கரை மட்டும் ரீகோன் செய்தோம், கோனையும் காயிலையும் புதிதாக மாற்றினோம்.

நனைந்த பொருளை "வேலை செய்யுதா பார்க்கலாம்" என்று பிளக்கில் குத்தாதீர்கள். நனைந்ததில் பாதி பிழைக்கும், கரண்ட் கொடுத்ததால் போவதுதான் அதிகம். திறந்து, சேற்றையும் உப்பையும் நல்ல தண்ணீரில் கழுவி, போர்டை ஆல்கஹாலில் அலசி, ஃபேன் காற்றில் நாலைந்து நாள். அதற்குப் பிறகு மெக்கானிக் பார்த்த பிறகே பிளக். அன்றிலிருந்து எங்கள் குடோனில் எல்லாமே தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இரும்பு ஸ்டாண்டில்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் இல்லாத வாரங்களிலும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் எல்லாவற்றையும் ஓட்டிவிடுவோம், உள்ளே இருக்கிற ஈரம் அந்தச் சூட்டில் போய்விடும். சக்கரம் வைத்த பேட்டரி டிராலி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை முழுக்க சார்ஜ் போடுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் லெட் ஆசிட் பேட்டரி. காலியாகவே கிடந்தால் மூன்று மாதத்தில் சார்ஜ் பிடிக்காது.

பழையதாக வாங்கினால்

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, புது மலிவுப் பொருளை விட நன்றாக வைத்திருந்த பழைய நல்ல பொருள். ஆனால் கையோடு ஒரு மல்டிமீட்டர் கொண்டு போங்கள்.

பாக்ஸின் கிரில்லைக் கழற்றச் சொல்லுங்கள். கோனின் மேல் இரண்டு கைப் பத்து விரலையும் நடுவிலிருந்து சம தூரத்தில் வட்டமாக வைத்து, மெதுவாக, சமமாக அமுக்குங்கள். நல்ல ஸ்பீக்கர் சத்தமே இல்லாமல் உள்ளே போய்த் திரும்பும். மணல் உரசுகிற மாதிரி விரலுக்குத் தெரிந்தால் காயில் வெந்திருக்கிறது. உள்ளே ஆம்ப் இல்லாத பாசிவ் பாக்ஸ் என்றால் ஸ்பீக்கர் முனைகளில் மீட்டர் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் காட்டும், அதுதான் சரி. கோனைச் சுற்றியிருக்கிற விளிம்பு துணியா, பஞ்சா என்று பாருங்கள். பஞ்சு நம் ஈரத்தில் சில வருடங்களில் பொடியாகும், துணி நிற்கும். பிறகு நடுத்தர சத்தத்தில் கால் மணி நேரம் ஓட விடுங்கள். சூடான பிறகு வருகிற கோளாறு முதல் பாட்டில் தெரியாது.

கடைசியாகத் திருகுத் தலைகளைப் பாருங்கள். மழுங்கியிருந்தால் அடிக்கடி திறக்கப்பட்ட பொருள், எதற்குத் திறந்தார்கள் என்று கேளுங்கள். ஆம்பின் பின்னால் முகத்தைக் கொண்டு போய் ஒருமுறை மோந்து பாருங்கள். கருகின வாசம் எத்தனை துடைத்தாலும் போகாது.